இங்க யாருங்க இருப்பாங்க?

ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கட்டடத்துக்குள் நுழைந்த ஒரே ஆள் அவர்தான். வேலைக்கு வரும் எஞ்சினியர்கள் மஞ்சள் தொப்பியைத் தலையில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அதோடு அதைக் கழற்றி மணல் குவியல்மேல் வைத்துவிடுவார்கள். இவர் திருவெறும்பூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த அதே ஹெல்மெட்டோடு, முன் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பிகளுக்கு நடுவே நடப்பார். "இதுவும் தலையைக் காப்பாத்தத்தானேங்க செஞ்சது?" என்பார். கையில் ஒரு நீலச் சாக்பீஸ் இருக்கும். அந்தச் சாக்பீஸும் ஒரு கேள்வியும்தான் அவருடைய மொத்த ஆயுதம்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் திருச்சியில் லாட்ஜ், ஓட்டல் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் "அட, அந்தம்மாவா" என்று நிமிர்ந்து உட்காருவார்கள். மீதிப் பேர் பெருமூச்சு விடுவார்கள். நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிட்டோம்.

நான் மேனேஜராகச் சேர்ந்த ஓட்டல் அப்போது ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கமாக எழும்பிக்கொண்டிருந்தது. முதலாளி தொட்டியத்துக்காரர், வாழைக்காய் மண்டி வைத்து மேலே வந்தவர். நான் பாலக்கரையில் பிறந்து, கல்ஃபில் ஓட்டல் ஓட்டலாக வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்றே வயதைக் கழித்தவன். என்னைப் போனுக்குள் குடியிருக்கும் ஆள் என்று என் மகள் நினைக்க ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் ஊர் திரும்பினேன். முதலாளி வேலை கொடுத்தபோது ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். "வைகுண்ட ஏகாதசிக்கு முன்னாடி தொறக்கணும் பாய். தேதி தப்புச்சுன்னா நீங்க பழையபடி துபாய்க்கே டிக்கெட் போட்டுக்கலாம்." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அங்கே என் பழைய இடமும் காலியாகவே இருந்தது. "எப்ப வர்றீங்க" என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. என் மனைவி பெட்டியைப் பரண்மேல் ஏற்றி, மேலே பழைய துணி போட்டு மூடியிருந்தாள். அது மறுபடி கீழே இறங்கக் கூடாது என்பதுதான் அந்த வருடம் தொழுகையில் எங்கள் வீடு கேட்ட ஒரே துஆ.

இப்படித் தேதியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அலைந்தவனிடம்தான் மேடம் வந்து சேர்ந்தார். இன்டர்நெட் எந்த வழியாக உள்ளே வர வேண்டும், எந்தச் சுவருக்குள் எந்த வயர் ஓட வேண்டும், வைஃபை பெட்டி எங்கே தொங்க வேண்டும் என்று திட்டம் போடுவது அவர் வேலை. இந்த வேலைக்கு வருகிறவர்கள் வரைபடத்தை விரித்து, அறைக்கு ஒன்று, வராந்தாவுக்கு இரண்டு என்று புள்ளி வைத்துவிட்டு, டீ குடித்துப் போய்விடுவார்கள். மேடம் வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு அறைக்குள்ளும் போவார். கட்டில் வரப்போகிற இடத்தில் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்பார்.

"இங்க யாருங்க இருப்பாங்க?"

"கெஸ்ட்தான் மேடம்" என்றேன் முதல் நாள்.

"கெஸ்ட்னா யாரு? பேர் வேண்டாம், ஆளைச் சொல்லுங்க."

"ஆந்திராவிலேர்ந்து பெருமாளைச் சேவிக்க வந்த குடும்பம்னு வெச்சுக்கங்களேன்."

"சரி. கட்டில்ல இந்த ஓரமா படுக்கிறது யாரு?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. கீழே கதவு வேலைக்காரர்கள் காத்திருந்தார்கள். "யாராவது வயசான மாமாவா இருக்கும். தூக்கம் வராம புரண்டுக்கிட்டு இருப்பாரு" என்றேன்.

என் கடுப்பை அவர் கண்டுகொள்ளவே இல்லை. எழுந்து, தலைமாட்டுக்கு மேல் சுவரில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் 'தூக்கம் வராத மாமா' என்று எழுதினார். அவ்வளவுதான், அந்த இடத்துக்கு லைன் உறுதி.

அந்த மாதத்திலிருந்து எங்கள் அறைகளுக்கு எண் போய்விட்டது. எலெக்ட்ரீஷியன் சகாயம் மாடிப்படியில் நின்று கத்துவார்: "ஏங்க, கோவிச்சுக்கிட்ட மருமக ரூமுக்கு பைப் பதிச்சாச்சு. அமெரிக்கா பையனோட அப்பா ரூமுக்கு நாளைக்குத்தான்." அறுபதாம் கல்யாணம் நடக்கும் மண்டபத்தில் ஹோம குண்டத்துக்கு எதிரே, புகை படாத தூரத்தில் ஒரு வட்டம். 'வர முடியாத மகன்' என்று அதற்குள் எழுதியிருந்தார். அவனுடைய முகம் தெரிகிற லேப்டாப்பை அங்கேதான் வைப்பார்களாம். நல்ல காரியம் நடக்கிற மண்டபத்தில் இதென்ன எழுத்து என்று முதலாளி முகம் சுளித்தார். "பூச்சு பூசினா மறைஞ்சிடும்ங்க, லைன் மட்டும் இருக்கும்" என்றார் மேடம்.

சில இடங்களில் எனக்குப் பதில் இருக்காது. "இங்க யாரும் இருக்க மாட்டாங்க மேடம்" என்பேன். அவர் உண்மையாகவே வருத்தப்படுவார். "யாரும் இல்லாத எடத்துக்கு எதுக்குங்க சுவர் கட்டுனீங்க?"

அவர் காதில் விழக் கூடாத வார்த்தை ஒன்று உண்டு. 'அப்புறம்.' "அப்புறம் பாத்துக்கலாம் மேடம்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு பார்வை வரும். "அப்புறம்ங்கிறது சிமெண்ட் காயற வரைக்கும்தாங்க. காஞ்சப்புறம் அதுக்குப் பேரு இடிக்கிறது." இதைத் திருச்சியில் அவர் சொல்லாத கட்டடம் இல்லை என்று சகாயம் சொன்னார்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் டீ குடிக்கும்போது, கல்ஃபில் நான் வேலை பார்த்த ஓட்டல்களின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். லாபி இப்படி, வைஃபை அப்படி, லிஃப்டுக்குள்கூட அறுபடாது என்றெல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது நீங்க வேலை பாத்த எடம். நீங்க இருந்த எடம் எப்படிங்க?" என்றார். "ஸ்டாஃப் ரூம்தான், இருந்துச்சு" என்று சொல்லி டீயைக் குடித்து முடித்தேன். அவர் மேலே தோண்டவில்லை. ஆனால் அந்தக் கேள்வி சட்டைக்குள் போன எறும்பு மாதிரி அன்று முழுதும் என்னோடு இருந்தது.

அவரை ஏதோ எல்லாம் தெரிந்தவராக நான் சொல்லவில்லை. அவரால் எனக்குப் போன நாட்கள் கொஞ்சமல்ல. மாடிப்படிக்கு அடியில் பெருக்குகிற அம்மா உட்காருவாரா மாட்டாரா என்று ஒரு பகல் பூராவும் நின்றோம். கடைசியில் அந்த இடத்தில் மோட்டார் வந்தது. ஆனால் அவர் இல்லாவிட்டால் முழுகியிருக்கக்கூடிய இடமும் உண்டு. வாஸ்து பார்த்தவர், கரண்ட் சம்பந்தப்பட்டதெல்லாம் அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். முதலாளிக்கு அது வேதவாக்கு. அதனால் மொத்த ஓட்டலுக்கும் இன்டர்நெட் பிரித்துக் கொடுக்கிற மெஷின் அறை, தென்கிழக்கில் அடுப்படிக்கு ஒட்டினாற்போல வந்துவிட்டது. அடுப்படியும் அக்னி மூலைதானே. மேடம் அங்கே வாளியைப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க யாருங்க இருப்பாங்க?"

"மெஷின்தாம்மா" என்றார் முதலாளி.

"சுவருக்கு அந்தப் பக்கம்?"

"இட்லிக் கொப்பரை."

"அப்ப ரெண்டும் சேந்து வேகும்ங்க."

முதலாளி முகம் இறுகிவிட்டது. வாஸ்துவில் கை வைக்கவே கூடாது என்றார். மேடம் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. வாஸ்துக்காரர் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, "ஐயா, அக்னி மூலை மாடியிலயும் அக்னி மூலைதானுங்களே?" என்று கேட்டார். அவர் கண்ணை மூடி யோசித்து, எத்தனை மாடி போனாலும் அக்னி மூலை அக்னி மூலைதான் என்று தீர்ப்புச் சொன்னார். நேர் மேலே போர்வை, துண்டு வைக்கும் அறை இருந்தது. துணி கீழே வந்தது, மெஷின் மேலே போனது. சாஸ்திரமும் கெடவில்லை, மெஷினும் வேகவில்லை. அன்று முதலாளியே அவருக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தார்.

அந்தக் காபியின் சூடு அதிக நாள் தாங்கவில்லை.

கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடம். அதன் கோடியில், வண்டிகள் இறங்கும் சரிவுக்கு அடியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு முக்கோணமான இடம் மிஞ்சியது. நின்றால் தலை இடிக்கும், படுத்தால் போதும். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் மறுநாள் காலையில் கீழ்த்தளத்தை மூட வருவதாக இருந்தார்கள். விருந்தினர் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் பார்ப்பது அந்தக் கூரையைத்தான் என்பதால் முதலாளி பளபளவென்று ஒரு சீலிங் தேர்ந்தெடுத்திருந்தார். மேடம் கடைசியாக ஒரு சுற்றுப் பார்க்க வந்தவர், குனிந்து அந்த இடத்துக்குள் போனார்.

"இங்க யாருங்க இருப்பாங்க?"

"வண்டி" என்றார் முதலாளி.

"வண்டி இந்த உசரத்துல நிக்காதுங்க. வேனை ஓட்டிக்கிட்டு வர்றவங்க எங்க படுப்பாங்க?"

"அவங்க வண்டியிலயே படுத்துப்பாங்கம்மா. காலங்காலமா அப்படித்தான்."

"மார்கழி பனியில வண்டிக்குள்ள யாரும் படுக்க மாட்டாங்க. இங்கதான் வந்து படுப்பாங்க. ஏகாதசி அன்னிக்கு ஊர்ல செல்போன் டவர் எல்லாம் திணறிப் போயிடும். மேல இருக்கிறவங்களுக்கு நம்ம வைஃபை இருக்கும். இவங்க வீட்டுக்கு எப்படிப் பேசுவாங்க?"

ஒரு வயரை இழுத்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்திருந்தால் முதலாளி முணுமுணுத்துக்கொண்டே விட்டிருப்பார். ஆனால் மேலே மெஷின் அறையிலிருந்து அந்த மூலை வெகு தூரம். சாதாரண கேபிள் அவ்வளவு தூரம் தாங்காது. கண்ணாடி இழை கேபிள் வேண்டும். அது வந்து சேர நாளாகும். அதுவரை சீலிங் மூடக் கூடாது. சீலிங் ஆட்கள் கீழ்த்தளம் முடித்தால்தான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவார்கள். கூடம் முடியாமல் திறப்பு விழா இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று இதைத்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஏகாதசிக்கு எல்லா அறையும் ஏற்கெனவே பதிவாகியிருந்தது.

"டிரைவருக்கு வைஃபை கொடுத்தா படுத்துக்கிட்டுப் படம்தான் பாப்பான்" என்றார் முதலாளி.

"பாக்கட்டுமேங்க. மேல இருக்கிற மாமாவும் அதைத்தான் பாக்கப் போறாரு."

"இது என் கட்டடம்மா."

"ஆமாங்க. என் பேர்ல போற பிளான். ஒரு எடத்தை விட்டுட்டு முடிஞ்சிருச்சுன்னு நான் எழுதித் தர மாட்டேன்."

அவர் ஒற்றைக் காலில் நின்றார். முதலாளி, "பாய், நீங்களே பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். மேடம் சரிவின் அடிச்சுவரில் ஒரு வட்டம் போட்டார். உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

"டிரைவர்னு எழுத வேண்டியதுதானே மேடம்?"

"அது வேலைங்க. ஆளை நீங்கதான் சொல்லணும். தெரியறப்போ சொல்லுங்க, எழுதிக்கலாம்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். சாப்பாடு போடும்போது மனைவியின் கண் ஒரு தடவை பரண் பக்கம் போய் வந்தது. மறுநாள் சீலிங் ஆட்களைச் சாப்பாட்டு நேரம்வரை நிறுத்திவைத்துவிட்டு, காலையிலேயே திருவெறும்பூருக்குப் பைக்கை விட்டேன். அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுவதுதான் திட்டம். என் நிலைமை, மகள், துபாய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, தேவைப்பட்டால் கையெடுத்துக் கும்பிடுவது என்று வழியெல்லாம் வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

தொழிற்சாலைக்காரர்கள் அதிகமாகக் குடியிருக்கும் தெரு அது. மேடத்தின் கணவருக்கும் தொழிற்சாலையில்தான் வேலை. மாமியார் கதவைத் திறந்தார். "பின்னாடி மெஷின்கிட்ட நிக்கிறா, போங்க தம்பி" என்றார்.

நடந்து போகும்போது என் தொழில் கண் சும்மா இருக்கவில்லை. கூடத்தில் மாமியாரின் டிவிக்குப் பின்னால் அழகாக ஒரு லைன். கணவரின் அறையில் மேஜை, அதற்கொரு லைன். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தனித்தனி மேஜை, தனித்தனி லைன். ஒரு வயர்கூட வெளியே தெரியவில்லை. வீடு கட்டும்போதே பதித்த வேலை. நம் ஓட்டலே தோற்றது என்று நினைத்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனேன்.

வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் லேப்டாப். மெஷின் உதறுகிற உதறலில் லேப்டாப் நகர்ந்து விழாமல் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையில் போனோடு மேடம் நின்றுகொண்டிருந்தார். ஹெல்மெட் இல்லாமல் அவரை நான் முதல் முறையாகப் பார்த்தேன். நெற்றியோரம் நரைத்திருந்தது. தஞ்சாவூரிலோ எங்கேயோ ஒரு ஓட்டல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. பேச்சு அறுந்து அறுந்து போனது. "ஹலோ, கேக்குதுங்களா? இருங்க, ஜன்னல் பக்கம் வரேன்" என்று ஒரு காலை எட்டி வைத்து, கம்பியோரம் கழுத்தை நீட்டிப் பேசினார். இடது கை மட்டும் லேப்டாப்பை விடவில்லை.

பேசி முடித்துத் திரும்பினார். "வாங்க பாய். உக்காருங்கன்னு சொல்ல இங்க எடம் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது என்று தோன்றியது. இத்தனை மாதம் அவர் என்னைப் படுத்தின பாட்டுக்குப் பழி தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. வாஷிங் மெஷினைத் தட்டி, அவர் குரலிலேயே கேட்டேன்.

"இங்க யாருங்க இருப்பாங்க?"

அவரும் சிரித்தார். லேப்டாப்பை மூடிக்கொண்டே, "இங்க யாரும் இல்லங்க, நான் மட்டும்தான்" என்றார்.

சொல்லிவிட்டு, "வீடு கட்டறப்பவே இங்க ஒரு லைன் போடணும்னு நெனைச்சேன். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்று காபி வைக்கத் திரும்பினார். தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழவில்லை. எனக்கு விழுந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத மாமாவுக்கும் மருமகளுக்கும் இடம் பார்த்தவர். தன் வீட்டில் வாளியைப் போட்டு உட்கார்ந்தபோது தன்னை மட்டும் எண்ணாமல் விட்டிருக்கிறார். எனக்கு வருத்தமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார்மேல் கோபம் என்று சொல்லத் தெரியவில்லை.

காபியைக் கையில் வாங்கியபோது ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. "அன்னிக்குக் கேட்டீங்களே மேடம், அங்க நான் இருந்த எடம் எப்படின்னு. பேஸ்மென்ட்ல லாண்டரி. அதுக்குப் பின்னாடி எங்க ரூமு. சிக்னல் வராது. படிக்கட்டுத் திருப்பத்துல ஒரு எடத்துல மட்டும் வரும். அங்க நின்னுதான் பேசுவோம், வரிசையில. என் பொண்ணு முதல் முதல்ல என்னை 'அத்தா'ன்னு கூப்பிட்டதை அங்கதான் கேட்டேன். எங்கள்ல அப்பாவை அப்படித்தான் கூப்பிடறது. 'அ'ன்னு கேட்டுச்சு, கட்டாயிடுச்சு. மறுபடி என் முறை வர்றதுக்குள்ள அவ தூங்கிட்டா."

மேடம் அடுப்பை அணைத்துவிட்டு நின்றார்.

"அந்த கேபிள் சீக்கிரமா வர என்ன வழி?" என்று கேட்டேன்.

"அது வர்றப்பதாங்க வரும்" என்றார். பிறகு, "கீழ்த்தளத்துக்கு சீலிங் எதுக்குங்க?" என்றார். "சீலிங்கே இல்லைன்னா மூட வேண்டிய அவசரமே இல்ல. பைப்பெல்லாம் வெளிய தெரியும், தெரியட்டும். ஒழுங்கா வரிசையாக் கட்டி வெள்ளையடிச்சுட்டா பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆளுங்களை இன்னிக்கே சாப்பாட்டுக் கூடத்துக்கு அனுப்பிடுங்க. ரெண்டு நாள் உங்களுக்கு மிச்சம்."

முதலாளியிடம் போய் நின்றேன். பளபள சீலிங் போனதில் அவருக்கு ஏகப்பட்ட வருத்தம். "நீங்க என் பக்கமா, அந்தம்மா பக்கமா பாய்?" என்றார். ஓட்டல் பக்கம் என்றேன். "தேதி?" என்றார். தப்பாது என்றேன். தப்பினால் என்ன என்று அவர் மறுபடி சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். அவர் வெற்றுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அவர் மேலே போனதும் நான் கீழ்த்தளத்தின் கோடிக்குப் போனேன். சகாயத்தின் கருவிப் பையில் மேடம் விட்டுப்போன சாக்பீஸ் துண்டு கிடந்தது. குனிந்து சரிவுக்கு அடியில் போய், அந்தக் காலி வட்டத்துக்குள் 'அத்தா' என்று எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது.

ஏகாதசிக்கு முந்தின பத்து நாள் நடக்கும் பகல்பத்து தொடங்குவதற்கு முன்பே ஓட்டலைத் திறந்துவிட்டோம். கீழ்த்தளத்துக் கேபிள் கடைசி நேரத்தில் வந்தது. கூரை திறந்தே இருந்ததால் சகாயம் நிதானமாக இழுத்துக் கட்டினார். ஏகாதசி அன்று மேடம் சொன்ன மாதிரியே ஆயிற்று. போனில் சிக்னல் முழுசாகக் காட்டியது, பேச்சு மட்டும் போகவில்லை. ஊர் கொள்ளாத கூட்டம். மதியம் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்ததும் கீழே இறங்கினேன். சரிவுக்கு அடியில் பாய் விரித்து டிரைவர்கள் படுத்திருந்தார்கள். இரண்டு பேர் படம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி சொன்னதும் பொய்யில்லை. சுவரோரம் நெல்லூர்க்காரர் ஒருவர் ஒருக்களித்துப் படுத்து, கைக்கெட்டும் தூரத்தில் போனை நிறுத்தி ஒரு குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தெலுங்கு தெரியாது. சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்பது மட்டும் புரிந்தது. குழந்தை ஏதோ நீளமாகச் சொன்னது. ஓரிடத்தில்கூட அறுபடவில்லை. நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று முழுசாகக் கேட்டேன்.

மாமா விஷயத்தில்தான் மேடம் கோட்டைவிட்டார். அந்த அறைக்கு நிஜமாகவே தூக்கம் வராத ஒருவர் வந்தார். தலைமாட்டுக்கு மேல் வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்ததால் வந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போயிற்று என்று புகார் கொடுத்தார். மேடத்துக்குப் போன் செய்தேன். மறுநாள் ஹெல்மெட்டோடு வந்து, கைப்பையிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை எடுத்து அந்த விளக்கின்மேல் ஒட்டினார். "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றேன். "ஆனைக்கு இவ்ளோ வேலை இல்லங்க" என்று போய்விட்டார். அந்த பிளாஸ்டர் இன்னும் இருக்கிறது.

போன வருடம் அவர் கணவருக்கு வடக்கே மாற்றல் ஆனது. இங்கே இத்தனை வருடம் சேர்த்த தொழிலை அப்படியே விட்டுவிட்டு அவரும் போனார். கிளம்பும்போது ஓட்டலுக்கு வந்து முதலாளியிடம் சொல்லிக்கொண்டார். நான் அன்று ஊரில் இல்லை. என்னை ஊரிலேயே இருக்கவைத்தவர் ஊரை விட்டுப் போகும்போது ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போனது எனக்கு இன்றும் குறைதான்.

போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. இரண்டாவது மாடியில் புது மெஷின் வைக்கப்போவதாக முதலாளி சொன்னாராம், பழைய லைனை எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் எங்கள் சுவருக்குள்தான் அவர் நினைப்பு. புது வீடு எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறதாம், வாடகை வீடுதான், பிள்ளைகளுக்குத் தனி அறை, மாமியாருக்கு வெயில் வருகிற அறை. பேச்சு விட்டு விட்டு வந்தது.

"ஹலோ, பாய், கேக்குதுங்களா? இருங்க, ஜன்னல் பக்கம் வரேன்."

நான் என் மேஜையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"மேடம், கையில சாக்பீஸ் இருக்கா?"

"எதுக்குங்க?"

"இப்ப நிக்கிறீங்கள்ல, அந்தச் சுவர்ல ஒரு வட்டம் போடுங்க."

"வாடகை வீடு பாய். அப்புறம்..." என்று ஆரம்பித்து, அந்த வார்த்தையிலேயே நின்றார்.

"அங்க யாருங்க இருப்பாங்க?" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. பின்னால் வாஷிங் மெஷின் உதறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. ஏதோ இழுப்பறையைத் திறக்கிற சத்தம் வந்தது.

"இருங்க" என்றார் மேடம். "இங்கதான் எங்கயோ வெச்சேன், தேடறேன்."